வீட்டை இடிக்கப் போகிறோம். ரப்பிஷ் எங்கே போகும் என்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்

முக்கால்கிரவுண்டு | ஞாயிறு, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். சென்னை மடிப்பாக்கத்தில் முக்கால் கிரவுண்டில், அதாவது 1,800 சதுர அடி மனையில், அப்பா 1986-இல் கட்டிய வீடு. தரைத்தளம் மட்டும்தான், 900 சதுர அடி. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், கான்கிரீட் தளம், அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டுத் தட்டோடு பதித்திருக்கிறது. பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஒரு சின்ன அறை. இதை இடித்துவிட்டு ஸ்டில்ட்டும் (தூண்கள் மட்டும் நிற்கும் கார் நிறுத்தும் தளம்) மேலே இரண்டு மாடியும் கட்டப் போகிறோம். பிளான் அனுமதி வந்துவிட்டது.

இடிப்பதற்கு மூன்று பேரிடம் விலை கேட்டேன். மூவரும் சொன்னது ஒன்றுதான்: "கதவு, ஜன்னல், கம்பி எங்களுக்கு. ரப்பிஷையும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம்." ரப்பிஷ் என்றால் இடித்த செங்கல், கான்கிரீட், மண் எல்லாம். எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள். ஒருவர் மட்டும், "அந்தக் கவலை உங்களுக்கு எதுக்கு சார், காலையில வந்து பாருங்க, இடம் காலியா இருக்கும்" என்றார். அன்றிலிருந்து அந்த வார்த்தை மனதை விட்டுப் போகவில்லை.

போன மாதம் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டை இடித்தார்கள். அடுத்த வாரம் நடைக்குப் போனபோது ஏரிக்கரையில் புதிதாக ஒரு குவியல். மேலாக்கக் கிடந்தது வெளிர் பச்சை டைல்ஸ், ஓரத்தில் சின்னப் பூப் போட்டது. அது என் நண்பன் வீட்டுக் குளியலறை டைல்ஸ். பள்ளி நாட்களில் கிரிக்கெட் ஆடிவிட்டு அங்கேதான் கால் கழுவுவோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அப்பா கட்டிய சுவர் நாளைக்கு அந்த ஏரிக்குள் கிடக்கக் கூடாது.

எவ்வளவு கழிவு வரும், எங்கே முறையாகக் கொடுக்கலாம், எதையெல்லாம் புது வீட்டுக்கே பயன்படுத்தலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சைட்டுப்பொறியாளர் | ஞாயிறு, இரவு 10.25

கேட்டதே பெரிய விஷயம் சார். பெரும்பாலான வீட்டுக்காரர்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

முதலில் அளவு. டிஃபாக் என்கிற மத்திய அரசு அமைப்பு 2001-இல் கொடுத்த மதிப்பீட்டைத்தான் இன்றும் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். புதிதாகக் கட்டும்போது ஒரு சதுர மீட்டருக்கு 40 முதல் 60 கிலோ கழிவு வரும். பக்காக் கட்டடத்தை இடித்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 500 கிலோ. உங்கள் 900 சதுர அடி என்பது 84 சதுர மீட்டர் அளவு. ஆக, இடிப்பில் மட்டும் ஏறக்குறைய 42 டன். புது வீடு 2,400 சதுர அடி என்று வைத்துக்கொண்டால், அதைக் கட்டி முடிக்கும்வரை வரப்போவது 11 டன் அளவுதான். உங்கள் கழிவில் ஐந்தில் நான்கு பங்கு முதல் வாரத்திலேயே வந்துவிடுகிறது. அந்த ஒரு வாரத்தைச் சரியாகக் கையாண்டால் போதும்.

ஒரு யூனிட், அதாவது நூறு கன அடி ரப்பிஷ், மூன்றரை முதல் நான்கு டன் வரை எடை இருக்கும். உங்கள் வீடு 11 அல்லது 12 யூனிட். 2 யூனிட் டிப்பரில் ஆறு நடை.

அப்புறம் சட்டம். 2016 மார்ச்சில் கட்டட, இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகள் வந்தன. அவற்றின்படி ஒரு நாளில் 20 டன்னுக்கு மேல், அல்லது ஒரு திட்டத்தில் மாதம் 300 டன்னுக்கு மேல் கழிவு உண்டாக்குபவர், கான்கிரீட், மண், இரும்பு-மரம்-பிளாஸ்டிக், செங்கலும் கலவையும் என்று நான்காகப் பிரிக்க வேண்டியிருந்தது. வேலை தொடங்கும் முன்பே கழிவுத் திட்டம் கொடுத்து உள்ளாட்சியின் ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. 2025-இல் அறிவித்த புதிய விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் அவற்றின் இடத்தைப் பிடிக்கின்றன. அதில் 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களுக்குக் கழிவின் முழுப் பொறுப்பும் கட்டுபவர் தலையில் வருகிறது.

இதில் உங்கள் வீட்டைப் பொருத்திப் பாருங்கள். 42 டன்னை ஐந்து நாளில் இடித்தால் ஒரு நாளைக்கு எட்டரை டன். எந்த வரம்பையும் தொடாது. திட்டம் கொடு என்று யாரும் உங்களைக் கேட்கப் போவதில்லை. ஆனால் சென்னையில் தெருவுக்கு ஒரு பழைய வீடு இப்படித்தான் இடிபடுகிறது. ஒவ்வொன்றும் வரம்புக்குக் கீழே. எல்லாம் சேர்ந்தால் ஒரு மலை. சிறு வீடு என்றாலும் ரோட்டிலோ வடிகாலிலோ கொட்டக் கூடாது, பிரித்து வைத்துச் சேகரிப்பு மையத்துக்குக் கொடுக்க வேண்டும் என்ற பொதுக் கடமை அந்த 2016 விதிகளிலேயே எல்லோருக்கும் இருந்தது. கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கட்டடக் கழிவைப் பதப்படுத்தும் ஆலைகள் இருக்கின்றன. உங்களுக்குப் பெருங்குடி பக்கம். மாநகராட்சியின் 1913 எண்ணில் கூப்பிட்டு, எங்கே இறக்குவது, என்ன கட்டணம் என்று இன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடப்பாரை | திங்கள், காலை 6.05

நான் இருபத்திரண்டு வருடமாக வீடு இடிக்கும் வேலை எடுத்துச் செய்கிறேன். சித்தப்பாவிடம் கடப்பாரை பிடிக்கப் பழகியவன். எங்கள் தொழிலில் நடப்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

லாரிக்காரருக்கு நடைக் கணக்கில்தான் கூலி. பக்கத்தில் கொட்டினால் டீசல் மிச்சம், அதே நேரத்தில் இன்னொரு நடையும் அடிக்கலாம். பகலில் பல ரோடுகளில் லாரிக்கு அனுமதி கிடையாது, அதனால் ராத்திரிதான் ஓட்டம். இருட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத ஏரிக்கரை, கால்வாய் ஓரம். மூன்று நிமிடத்தில் டிப்பரைத் தூக்கி இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். இன்னொரு வழியும் உண்டு. தாழ்வான மனை வாங்கியவர்கள் மேடாக்குவதற்கு ரப்பிஷைக் கேட்டு வாங்குகிறார்கள். சென்னையில் தாழ்வான மனை என்றால் பாதிக்குப் பாதி தண்ணீர் ஓடிய வழிதான். இரண்டும் ஒரே இடத்தில்தான் போய் முடியும்.

இதற்கு வீட்டுக்காரர்தான் வழி செய்ய முடியும். விலையை இரண்டாகப் பிரித்துப் பேசுங்கள் சார். இடிக்கும் கூலி தனி, ஏற்றி இறக்கும் கூலி தனி. ஏற்றுகிற பணத்தை, ஆலையில் இறக்கிய ரசீதும் எடைமேடைச் சீட்டும் கையில் வந்த பிறகுதான் கொடுப்பேன் என்று எழுதி வாங்குங்கள். மொத்தமாகப் பேசி முடித்தால், கொட்டும் இடத்தில் மிச்சம் பிடிப்பதுதான் லாபம் என்று ஆகிவிடும். என்னிடமே அப்படிப் பேசியவர்கள் உண்டு. அந்தக் காலத்தில் நானும் எங்கே கொட்டினாய் என்று லாரிக்காரரைக் கேட்டதில்லை. அது தப்பு.

ஏரிக்கரை | திங்கள், காலை 8.40

கடப்பாரை அண்ணா, இதைப் பொதுவில் எழுதியதற்கு நன்றி.

நான் வேளச்சேரி பக்கம். எங்கள் குழு ஆறு வருடமாக ஒரு ஏரியைச் சுற்றி வருகிறது. நாங்கள் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். முதல் லோடு விழும்வரை கரை சுத்தமாக இருக்கும். ஒரு லோடு ரப்பிஷ் விழுந்து இரண்டு நாள் கிடந்தால், மூன்றாம் நாள் அதன்மேல் வீட்டுக் குப்பைப் பைகள். பத்தாம் நாள் பழைய மெத்தை. ஒரு மாதத்தில் அந்த இடத்தைக் கோழிக்கடைக் கழிவு கொட்டும் இடம் என்று ஊரே முடிவு செய்துவிடும். வெறும் குப்பை என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் சேர்ந்து அள்ளிவிடுவோம். ரப்பிஷை அள்ள முடியாது. ஒரு கான்கிரீட் துண்டையே நான்கு பேர் புரட்ட வேண்டியிருக்கிறது. கோணிப்பை கிழிகிறது, கை கிழிகிறது.

இன்னொன்று, மழை. ரப்பிஷில் இருக்கும் தூளும் மண்ணும் ஐப்பசி மழையில் கரைந்து மழைநீர் வடிகாலுக்குள் போய்ப் படிகிறது. அங்கே அது இறுகிப்போய், தூர் வாருகிறவர்கள் உளி வைத்துத் தட்டுவதைப் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022-இல் ராம்சார் தளம் ஆனது, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. அந்தச் சதுப்பின் ஓரங்களை உயர்த்தியதில் கட்டட இடிபாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. தென்சென்னையின் வெள்ளம் வந்து தங்க வேண்டிய இடம் அது. அங்கே ஒரு லோடு நிரப்பினால் அந்த அளவு தண்ணீர் நம் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

கோவை_கட்டுநர் | திங்கள், பகல் 1.15

எல்லோரும் நல்ல மனதோடு எழுதுகிறீர்கள். ஆனால் சைட்டில் நிற்கிறவன் என்ற முறையில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு.

முக்கால் கிரவுண்டு மனையில் வீடு போக மிச்சம் என்ன இருக்கும்? பக்கவாட்டில் மூன்று அடி, முன்னால் பத்து அடி. அதில் நான்கு குவியல் எங்கே போடுவது? இயந்திரம் வைத்து இடித்தால் இரண்டு நாளில் முடிகிற வேலை, ஆள் வைத்துப் பிரித்தால் பத்து நாள். அந்தப் பத்து நாளும் பக்கத்து வீட்டுக்காரர் தூசி என்று சண்டைக்கு வருவார். கூலி, வாடகை வீட்டில் இருக்கும் உங்கள் வாடகை, எல்லாம் ஏறும். ஆலைக்குக் கொண்டுபோனால் அங்கே எப்படியும் உடைத்துச் சலித்துத்தானே எடுக்கப் போகிறார்கள்? கலந்தே அனுப்புவதில் என்ன குறை? வீட்டுக்காரர் தலையில் இவ்வளவு ஏற்றினால் நாளைக்கு யாரும் கேட்கவே மாட்டார்கள், பேசாமல் மொத்தமாகக் கொடுத்துவிடுவார்கள்.

கடப்பாரை | திங்கள், இரவு 9.50

கோவைத் தம்பி சொன்ன இட நெருக்கடி உண்மை. ஆனால் நான்கு குவியல் ஒரே நேரத்தில் இருக்க வேண்டியதில்லை. கட்டியதற்கு நேர் எதிர் வரிசையில் பிரித்தால் ஒரு நாளைக்கு ஒரு பொருள்தான் கீழே வரும். அன்றன்றைக்கு ஏற்றிவிடலாம். நான் இப்போது செய்கிற வரிசையைச் சொல்கிறேன்.

முதல் நாள் மின்சாரம், தண்ணீர் இணைப்பை நிறுத்தி, ஒயர், சுவிட்ச் பெட்டி, குழாய், கழிப்பறைச் சாமான், கதவு, ஜன்னல், கிரில், நிலை. தேக்கு நிலை என்றால் கடப்பாரையால் நெம்பாமல் சுற்றியுள்ள பூச்சை உளியால் கொத்தி, நிலையைச் சுவரோடு பிடித்திருக்கும் இரும்புப் பட்டையான ஹோல்டுபாஸ்ட்டை அறுத்து முழுதாக எடுக்க வேண்டும். நெம்பினால் கீழ்மூலை பிளக்கும், விலை பாதியாகிவிடும்.

இரண்டாம் நாள் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். இதை மட்டும் கவனமாகக் கேளுங்கள். உடைக்கவே கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, ஷீட்டைப் பிடித்திருக்கும் கொக்கி வடிவ ஜே போல்ட்டைக் கழற்றி முழு ஷீட்டாக இறக்க வேண்டும். துருப்பிடித்த போல்ட்டை அறுக்கலாம், ஷீட்டை அறுக்கக் கூடாது. ஆட்களுக்கு நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள், துண்டைக் கட்டிக்கொண்டால் போதாது. என் சித்தப்பா காலத்தில் நாங்கள் அதைச் சுத்தியலால் தட்டிப் பொடித்துக் கோணியில் அள்ளினோம். அந்த நார்த்தூசி நுரையீரலில் போய் உட்கார்ந்தால் வெளியே வராது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மொட்டை மாடி. தட்டோட்டைப் பெயர்த்து, அடியில் இருக்கும் சுண்ணாம்புச் செங்கல் ஜல்லியைத் தனியாகச் சுரண்டி இறக்கிவிட வேண்டும். இதை விட்டுவிட்டுத் தளத்தோடு சேர்த்து உடைத்தால்தான் எல்லாம் கலந்து வீணாகிறது. அதன் பிறகு தளம். இங்கே பிரேக்கர் வைத்துக்கொள்ளலாம், எனக்கு மறுப்பில்லை. கம்பியைப் பிரித்தால் கான்கிரீட் தனியாக நிற்கும். கடைசியாகச் சுவர், அஸ்திவாரம்.

உங்கள் மாதிரி வீட்டுக்கு எனக்கு ஏழு நாள் ஆகும், இயந்திரத்தைவிட ஐந்து நாள் கூடுதல். அந்த ஐந்து நாள் கூலியில் பெரும்பகுதி முழுச் செங்கலிலும் நிலையிலும் கம்பியிலும் திரும்பி வந்துவிடும்.

சைட்டுப்பொறியாளர் | திங்கள், இரவு 10.30

கலந்தே அனுப்பினால் என்ன என்று கோவை சார் கேட்டதற்கு: ஆலையில் உடைத்துச் சலிக்கலாம், இரும்பைக் காந்தத்தால் எடுக்கலாம், மரத்தையும் பிளாஸ்டிக்கையும் கையால் பொறுக்கலாம். ஆனால் ஃபால்ஸ் சீலிங் ஜிப்சம், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஆகியவை பொடியாகிக் கலந்துவிட்டால் பிரிக்க முடியாது. அதிலுள்ள சல்ஃபேட் புதுக் கான்கிரீட்டைப் பின்னாளில் வீங்க வைத்து வெடிக்க விடும். செங்கல் தூளும் மண்ணும் அதிகமானால் கிடைப்பது பள்ளம் நிரப்பும் பொருள்தான். சுத்தமான கான்கிரீட் போனால் மறுபடி ஜல்லியாக வரும். ஒரே லாரி, ஒரே டீசல். உள்ளே இருப்பது ஜல்லியா குப்பையா என்பது உங்கள் சைட்டிலேயே முடிவாகிவிடுகிறது.

புதுப்பொறியாளன் | செவ்வாய், காலை 7.20

நான் இரண்டு வருடமாகத்தான் வேலை பார்க்கிறேன். பழைய கான்கிரீட்டை உடைத்த ஜல்லியைப் போட்டு வீடு கட்டலாமா? எங்கள் சைட்டில் மேஸ்திரி அதைத் தொடவே மாட்டேன் என்கிறார். பழைய கம்பியை நிமிர்த்தி லிண்டலுக்கு (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் உத்தரம்) போடலாம் என்றும் ஒருவர் சொன்னார்.

சைட்டுப்பொறியாளர் | செவ்வாய், காலை 9.05

தம்பி, கம்பியை முதலில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். வளைந்து, நிமிர்ந்து, துருவேறி வந்த கம்பி. அதன் தரம் என்னவென்று உங்களுக்குத் தெரியாது. எடைக்குப் போட்டுவிடுங்கள், உருக்கிப் புதுக் கம்பியாக வரட்டும்.

ஜல்லிக்கு, கான்கிரீட்டில் போடும் ஜல்லி, மணலுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 383-இன் 2016 பதிப்பே அனுமதி தருகிறது. பழைய கான்கிரீட்டிலிருந்து எடுத்த ஜல்லியை, கம்பியில்லாத கான்கிரீட்டில் 25 சதவீதம் வரை, கம்பி போட்ட கான்கிரீட்டில் எம்25 தரம் வரைக்கும் (எம்-க்குப் பின் வரும் எண் கான்கிரீட்டின் வலுவைக் குறிக்கும்) 20 சதவீதம், எம்15-க்குக் கீழான மெலிந்த கான்கிரீட்டில் நூறு சதவீதமும் சேர்க்கலாம். மேஸ்திரியின் பயத்துக்கும் காரணம் இருக்கிறது. அந்த ஜல்லியில் பழைய கலவை ஒட்டியிருக்கும், அது தண்ணீரைக் குடிக்கும். உலர்ந்தபடியே போட்டால் கலவை இறுகிப்போய், கொத்தனார் மேலும் தண்ணீர் ஊற்றுவார், வலு போய்விடும். முந்தின நாளே நனைத்து வைத்து, மேல் ஈரம் வடிந்த பிறகு போட வேண்டும். இருந்தாலும் ஒரு தனி வீட்டுக்குத் தூணிலும் தளத்திலும் நீங்களாகவே முயற்சி செய்ய வேண்டாம், சோதனை செய்த ஜல்லியும் கலவை விகிதமும் இல்லாமல் கூடாது. அஸ்திவாரத்துக்கு அடியில் போடும் பிசிசி என்கிற கம்பியில்லாத கான்கிரீட், நடைபாதை, பேவர் பிளாக், சாலையோரத்தில் பதிக்கும் கெர்ப் கல், இவையே போதுமான வேலை.

டில்லியில் புராரி ஆலை 2009-லிருந்து ஓடுகிறது, நாட்டில் முதலாவது. அங்கே செய்த கற்கள் உச்ச நீதிமன்றத்தின் கூடுதல் கட்டடத்துக்கே போயிருக்கின்றன.

கட்டடவடிவம் | செவ்வாய், இரவு 8.15

நான் ஆர்க்கிடெக்ட். முக்கால்கிரவுண்டு சார், இடிப்பதற்கு முன் உங்கள் பொறியாளரை அழைத்துக்கொண்டு பழைய வீட்டை ஒரு முறை அறை அறையாகச் சுற்றுங்கள். எது புது வீட்டில் எங்கே போகும் என்று சுவரிலேயே சுண்ணாம்புக்கட்டியால் எழுதுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். எழுதியதை ஆட்கள் உடைக்கத் தயங்குவார்கள்.

உங்கள் வீட்டில் எனக்குத் தெரிகிற இடங்கள்: முழுச் செங்கல் காம்பவுண்ட் சுவருக்கும் படிக்கட்டின் அடிப்பகுதிக்கும். 1986-இல் சிமெண்டுக் கலவைதான் போட்டிருப்பார்கள். கலவை மெலிவாக இருந்தால் பாதியாவது முழுசாக வரும், கெட்டியாக இருந்தால் உடையும். இரண்டு கல்லை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சுண்ணாம்புக் கலவையில் கட்டிய பழைய மயிலாப்பூர் வீடுகளில் தட்டினாலே கல் பூப்போலக் கழன்று வரும். அரைக்கல்லும் செங்கல் துண்டும் குளியலறைப் பள்ளத்தை நிரப்ப நல்ல பொருள், லேசாகவும் இருக்கும். மழைநீர் சேகரிப்புக் குழிக்குப் பூச்சு ஒட்டாத செங்கல் துண்டைப் போடலாம். அலமாரிக் கடப்பாக் கல்லைச் சமையலறையின் பின்பக்கத் துவைக்கும் மேடைக்கு வையுங்கள்.

தரைமட்டம் உயர்த்துவதற்கு ரப்பிஷை அப்படியே தள்ளிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்த ஒரு வீட்டில் மூன்றாம் வருடம் ஹால் டைல்ஸ் மேளம் மாதிரி சத்தம் போட்டது. பெயர்த்துப் பார்த்தால் உள்ளே ஓர் அடி இறங்கியிருக்கிறது. ஜன்னல் சட்டத் துண்டு ஒன்று உள்ளேயே கிடந்து, அதில் கரையான். ஆகவே மரம், காகிதம், பிளாஸ்டிக், ஜிப்சம் எல்லாம் நீக்கி, பெரிய துண்டுகளை மூன்று அங்குலத்துக்குள் உடைத்து, அரை அடிக்கு ஒரு படலமாகப் பரப்பித் தண்ணீர் விட்டு இடித்து இறுக்கினால் மட்டுமே செய்யுங்கள்.

மனையில் மரம் இருந்தால் அடிமரத்தைச் சுற்றி ரப்பிஷைக் குவிக்காதீர்கள். சிமெண்டுத் தூள் இறங்கினால் வேர் மூச்சுத் திணறிவிடும்.

புதுப்பொறியாளன் | செவ்வாய், இரவு 9.30

இடிப்பதைப் பற்றியே பேசுகிறோம். கட்டும்போது வீணாவதில் நான் கண்ணால் பார்த்த ஒன்று. கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. எங்கள் சைட்டில் ஒரு பீமுக்கு 3.7 மீட்டர் துண்டு தேவை. ஒரு கம்பியில் மூன்று துண்டு வெட்டினால் 11.1 மீட்டர், மிச்சம் 90 சென்டிமீட்டர். 12 எம்எம் கம்பியில் அது 800 கிராம். நூறு கம்பி வெட்டியபோது 80 கிலோ துண்டுகள் மூலையில் கிடந்தன. அடுத்த மாடிக்கு நான் கம்பிப் பட்டியலை முன்னாடியே போட்டு, 90 சென்டிமீட்டர் துண்டில் என்னென்ன வரும் என்று பார்த்தேன். தளத்தில் மேல்கம்பியைத் தாங்கும் சேர் அத்தனையும் அதிலேயே வந்துவிட்டது. முன்பு அதற்கும் முழுக் கம்பியைத்தான் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

கோவை_கட்டுநர் | செவ்வாய், இரவு 10.10

தம்பி நல்ல கண்ணோடு வேலை பார்க்கிறார். ஆலையில் கலந்து வண்டியில் வரும் ரெடிமிக்ஸ் கான்கிரீட்டிலும் இதே கதைதான். தளம் போட்டு முடிந்ததும் வண்டியில் அரை கன மீட்டர் மிச்சம் இருக்கும், அதுவே ஒரு டன்னுக்கு மேல். ஓட்டுநர் எங்கே கொட்டட்டும் என்று கேட்பார். நாங்கள் இப்போது கெர்ப் கல் அச்சு பத்துப் பன்னிரண்டு எண்ணெய் தடவித் தயாராக வைத்திருக்கிறோம், மிச்சம் நேராக அதில் போகிறது. டைல்ஸில், அறை 10 அடி 4 அங்குலம் என்று வந்தால் ஓரம் முழுக்க நாலு அங்குலப் பட்டை வெட்ட வேண்டும். வரைபடத்திலேயே அந்த நாலு அங்குலத்தை அலமாரிப் பக்கம் தள்ளிவிட்டால் வெட்டே இல்லை.

கடப்பாரை அண்ணன் சொன்ன வரிசையை யோசித்துப் பார்த்தேன். மாடியின் சுண்ணாம்பு ஜல்லியை முதலில் இறக்குவது எனக்குத் தோன்றாத விஷயம். அடுத்த மாதம் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு வீடு இடிக்கிறோம், அதில் செய்து பார்க்கிறேன். ஆனால் கூலி விஷயத்தில் என் கணக்கு இன்னும் வேறுதான். கோவையில் பழைய செங்கலுக்கு அந்த விலை கிடைக்காது.

முக்கால்கிரவுண்டு | ஐந்து வாரம் கழித்து, சனி, இரவு 8.45

தாமதத்துக்கு மன்னிக்கவும். இடித்து முடித்துவிட்டோம். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

இடிப்பும் ஏற்றுவதும் தனித்தனி விலை என்றதும் முதலில் கேட்ட மூவரில் இருவர் விலகிக்கொண்டார்கள். மூன்றாமவர் ஒப்புக்கொண்டார். எட்டு நாள் ஆனது. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மூச்சுத் தொல்லை உண்டு என்பதால் பச்சை வலை கட்டி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தோம். மூன்றாம் நாள் மாடி ஜல்லியைச் சுரண்டும்போது மட்டும் பாட்டியை அவர் மகள் வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள்.

முழுச் செங்கல் 1,300 தேறியது. கொத்தி எடுத்தது இரண்டு சித்தாள் அக்காக்கள். ஒருவர் கல்லை இடது உள்ளங்கையில் நிறுத்தி, கொத்துக்கரண்டியின் முனையால் மூன்று தட்டு. நான்காவது தட்டுக்கு வேலையே இருக்காது, கலவை பலகை மாதிரி கழன்று விழும். நான் முயன்றபோது கல் இரண்டாக உடைந்தது. செங்கல் துண்டு ஒன்றரை யூனிட் அளவு குளியலறைப் பள்ளத்துக்கும் மழைநீர்க் குழிக்கும் ஒதுக்கியிருக்கிறோம். ஆலைக்கு நான்கு நடை போனது, எடைமேடைச் சீட்டுப்படி மொத்தம் 27 டன். ஒவ்வொரு சீட்டையும் பார்த்த பிறகுதான் அந்த நடைக்குப் பணம் கொடுத்தேன். இரண்டாவது நடைக்கு லாரிக்காரர் சீட்டு இல்லாமல் வந்தார், தொலைந்துவிட்டது என்றார். பணம் கொடுக்கவில்லை. மறுநாள் போய் நகல் வாங்கி வந்தார்.

அம்மா நிலைவாசலைப் புது வீட்டுக்கே வைக்கச் சொன்னார். அளவு மூன்று அங்குலம் குறைவு. கட்டடவடிவம் மேடம் தனிச்செய்தியில் சொன்னபடி மேலே ஒரு காற்றுச் சட்டம் சேர்த்து உயர்த்தப் போகிறோம். அப்பா பென்சிலால் எழுதிய தேதி அதன் உள்பக்கம் இன்னும் தெரிகிறது.

ஒன்றுதான் முடியவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஆறு. உடையாமல் இறக்கி, நனைத்து, தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றி, பின்சுவரோரம் நிறுத்தியிருக்கிறேன். பழைய சாமான் கடைக்காரர் இரண்டு முறை கேட்டார், கொடுக்க மனம் வரவில்லை. அவர் அதை அறுத்து வேறு யாருக்கோ விற்பார்.

ஏரிக்கரை | சனி, இரவு 9.20

அந்த இரண்டாவது நடைச் சீட்டை நீங்கள் விட்டிருந்தால் அது எந்தக் கரையில் விழுந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே படித்தேன்.

ஷீட்டை யாருக்கும் கொடுக்க வேண்டாம். அபாயக் கழிவைக் கையாளும் நிலையம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. ஆறு ஷீட்டுக்காக ஒரு வண்டி அங்கே போவது கட்டாது. எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் இதே மாதிரி இறக்கி வைத்த ஷீட் பதினொன்று கிடக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வண்டியில் எடுத்துப் போக என்ன வழி என்று திங்கட்கிழமை அந்த நிலையத்தாரிடம் பேசுகிறேன். அதுவரை சுற்றிய பிளாஸ்டிக்கைப் பிரிக்காதீர்கள், மேலே தார்ப்பாய் போட்டு வையுங்கள். மழை தொடங்கப் போகிறது.

கடப்பாரை | ஞாயிறு, காலை 5.55

என்னிடம் நான்கு ஷீட் இருக்கிறது மேடம். அந்த வண்டியில் இடம் வையுங்கள். ஏற்றும்போது ஆள் நான் கொண்டுவருகிறேன்.